ஸ்டெல்லாவின் இருமல் கட்டுரை

என் மகள் நேற்று ஃபோனில் ஒரு பழைய ஆங்கில நாவல் படித்துக்கொண்டிருந்தாள். கதாநாயகி கன்சம்ப்ஷனில் சாகிறாள். மகள் அந்த வார்த்தை மேல் விரலை வைத்தாள், ‘காசநோய்’ என்று அர்த்தம் வந்தது, அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த வார்த்தையை வைத்து நான் அடித்த கூத்து அவளுக்கு எங்கே தெரியும்!

எம்.ஏ.வில் எங்களுக்கு விக்டோரியா ராணி காலத்து நாவல்கள்தான் பாடம், இந்த நாவலும் அதில் ஒன்று. மாதம் ஒரு விமர்சனக் கட்டுரை எழுத வேண்டும். மைசூர் சமஸ்தான உத்தியோகத்துக்காக பெங்களூர் வந்த குடும்பம் எங்களுடையது. இங்கிலீஷ் நமக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று எனக்கொரு மிதப்பு. அகராதியைத் தொடவே இல்லை. கன்சம்ப்ஷன் என்றால் உட்கொள்வது, ஆக அந்தப் பெண் குடித்தே செத்தாள் என்று முடிவுகட்டி, அவளுடைய குடிப்பழக்கத்தை நாலு பக்கம் விளாசியிருந்தேன். பாவம், கஞ்சியைத் தவிர எதுவும் குடித்தவளில்லை.

கட்டுரை பேராசிரியர் கைக்குப் போகாமல் காப்பாற்றியவள் என்னோடு படித்த ஸ்டெல்லா.

“அய்யோ, குடி இல்லடீ, இருமல்! எங்க மைன்ஸ்ல வெள்ளைக்கார டாக்டருங்க காலத்துலருந்து எல்லாருமே கன்சம்ப்ஷன்னுதான் சொல்லுவாங்க.”

கோலார் தங்கவயல்காரி அவள். பெங்களூரில், காக்ஸ் டவுனில் சித்தி வீட்டில் தங்கிப் படித்தாள். உள்ளே நுழைந்தாலே யூகலிப்டஸ் தைல வாசனை. சுரங்கத்தில் நெஞ்சு கெட்டுப்போன அவள் அப்பாவும் வைத்தியத்துக்காக அங்கேதான் இருந்தார். தினமும் காலையில், அவர் சளி துப்புவதற்காகச் சாம்பல் போட்டு வைத்திருந்த டப்பாவைக் கழுவிவிட்டுத்தான் ஸ்டெல்லா கல்லூரிக்கு வருவாள்.

நாவலில் கதாநாயகி வெள்ளைக் கைக்குட்டையில் இருமுவாள், கன்னம் சிவக்கும், இன்னும் அழகாகிவிடுவாள். ஸ்டெல்லா தன் கட்டுரையை இப்படி முடித்திருந்தாள்: ‘இருமுகிறவர் படுத்திருக்கும் அறையை இந்த ஆசிரியர் ஒருநாளும் பெருக்கியதில்லை.’

ஆராய்ச்சிக்கு அந்த வருஷம் ஒரே இடம். அந்தக் கட்டுரையைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். நானும் என்னுடையதைத் திருத்தி எழுதிவிட்டிருந்தேன். நான் பெரிய மேதாவி போல, “கடைசி வரிய எடுத்துடுடீ, கிரிட்டிசிசம்ல வீட்டுக் கதையெல்லாம் வரக்கூடாது” என்றேன்.

“நெஜமாவா? அந்த வரிக்காகத்தான்டீ மீதி எல்லாத்தயும் எழுதுனேன்.”

ஆனாலும் என்னை நம்பினாள். என் பேனாவாலேயே அடித்தேன்.

பேராசிரியர் அவளிடம், எல்லாம் சரியாக இருக்கிறது, உனக்கென்று ஒரு பார்வைதான் இல்லை என்றார். பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அடித்தது நான் என்று சொல்ல வாய் வரவில்லை. இடம் எனக்குக் கிடைத்தது.

“விடுடீ, நீ சேந்தா நான் சேந்த மாதிரி” என்று சொல்லி, பேக்கரியில் எனக்கு பன் வாங்கிக் கொடுத்தாள். பிறகு டெலிபோன் ஆபீஸ் வேலைக்குப் போய்விட்டாள்.

சித்தி வீடு இருந்த இடத்தில் இப்போது அபார்ட்மென்ட். ஸ்டெல்லாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்த நாவலை முப்பது வருஷம் வகுப்பில் நடத்தினேன். இருமல் வரும் பக்கத்தில் ஒவ்வொரு வருஷமும் அவள் வரியைச் சொல்வேன், பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொள்வார்கள். அது யாருடைய வரி என்று நான் ஒருதடவைகூடச் சொன்னதில்லை.