கல்யாண கார்டில் ஆள் குறைப்பு

ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு எங்கள் தீவு நாட்டின் நசினு நகரில் செழித்த தொழில்கள் இரண்டு: வெளிநாட்டுக்குப் பெட்டி கட்டுவது, அதற்கு முன் அவசரமாகக் கல்யாணம் செய்துவைப்பது. இரண்டாவதில் எங்களுக்கும் பங்கு இருந்தது. என் மனைவி கணினியில் கல்யாண கார்டு வடிவமைப்பாள். நான் வாசகம் எழுதுவேன். அதாவது, யாரும் படிக்கப்போகாத தமிழ் வரிகளில் பிழை வராமல் காவல் காப்பேன்.

அந்த வாரம் வடிவமைப்பு மென்பொருளின் புதிய பதிப்பை ஏற்றியிருந்தோம். பழையதைவிட வேகமானது என்று பெட்டியில் போட்டிருந்தது. விநாயகரை அரை அங்குலம் நகர்த்தினால், அவர் போய்ச் சேர்வதற்குள் எனக்கு இன்னொரு நரை வந்துவிடும்போல இருந்தது.

நவுசோரிப் பக்கத்திலிருந்து வந்திருந்த மணப்பெண்ணின் அப்பா, என் மனைவி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மதியத்துக்குள் கொடுத்தால்தான் அச்சகக்காரர் ஊரடங்குக்கு முன் அடித்துத் தருவார். மறுநாள் காலை பெண்ணின் அப்பாவுடைய தம்பி ஆக்லாந்துக்குக் குடிபோகிறார். அங்கிருக்கும் சொந்தங்களுக்கான கார்டுகள் அவர் கையில்தான் போக வேண்டும்.

"கல்யாணத்துக்கு வரப்போறது பாதி ஜனம். மீதிப் பேருக்கு இந்தக் கார்டுதான் கல்யாணம். ஜல்தி பண்ணு, பேட்டி" என்று, என் மனைவியை இந்தியில் மகளே என்று அழைத்து அவசரப்படுத்தினார்.

நான் மின்சாரத்தைக் குறை சொன்னேன். பிறகு வெயிலை. கடைசியில் நாட்டின் நிலைமையை. அவள் எதையும் காதில் வாங்கவில்லை.

"கார்டுல கோளாறா, மெஷின்ல கோளாறான்னு மொதல்ல பாக்கணும்" என்று கார்டிலிருந்த பெயர்களையும் படங்களையும் ஒவ்வொன்றாக நீக்க ஆரம்பித்தாள்.

"மாப்பிள்ளை வீட்டைத் தூக்கிட்டேன். அப்பவும் மெதுவாத்தான் போவுது."

பெரியவர் முகத்தில் லேசான திருப்தி தெரிந்தது.

"பொண்ணு வீட்டையும் தூக்கிட்டேன்."

"ஏ பேட்டி, என்னையுமா?"

"உங்க தம்பியையும்தான், மாமா."

"அவன்தான் தானாவே போறானே!"

சிரித்தோம். அவர் சிரிப்பு முதலில் நின்றது. "போனவங்க திரும்ப வருவாங்களா?"

"இந்த மெஷின்ல வருவாங்க."

விநாயகரும் போனார். வெற்றுப் பக்கத்தில் அவள் ஒரு வட்டம் போட்டாள். அதுவும் ஊர்ந்தது. நானாக இருந்தால் அங்கேயே தலையில் கை வைத்திருப்பேன். அவளோ கையைத் தட்டினாள். "கார்டு மேல குத்தமே இல்ல!" ஒரே வட்டத்தில் இரண்டு குடும்பங்களையும் கடவுளையும் விடுதலை செய்த நீதிபதியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பிறகு அமைப்புகளுக்குள் போய்த் தேடினாள். படம் வரையும் வேலையைப் புதிய பதிப்பு, கணினிக்குள் இருக்கும் கிராபிக்ஸ் கார்டின் தலையில் கட்டியிருந்தது. எங்களுடைய பழைய கார்டுக்கு அந்தப் பாஷையே புரியவில்லை. அந்த வசதியை அணைத்தாள். இனி மென்பொருளை மூடித் திறக்க வேண்டும். மூடும்போது, கார்டில் செய்த மாற்றங்களைச் சேமிக்கவா என்று திரை கேட்டது.

பெரியவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, வேண்டாம் என்பதைத் தீவின் பாஷையிலேயே கத்தினார். "சேகா! சேகா! வேணாம்னு சொல்லு!"

வேண்டாம் என்று அழுத்தினாள். மறுபடி திறந்ததும் எல்லோரும் இருந்தார்கள். அவர் திரையில் விரல் வைத்து ஒவ்வொரு பெயராகப் பார்த்துவந்து, கடைசி வரிசையில் நின்றார்.

"தம்பிய என் பக்கத்துல கொண்டா."

அவள் இழுத்தாள். கண்மூடித் திறப்பதற்குள் வந்து நின்றார் தம்பி.

ஊரடங்குக்குச் சற்று முன் அச்சகத்திலிருந்து போன் வந்தது. பெரியவர்தான்.

"மை இன்னும் காயல, பேட்டி. ஆனா எல்லாரும் இருக்காங்க."