கல்லிடுக்கில் காய்ந்த செவ்வந்தி

இது நடந்தது போன வருடம் நவம்பரில், ஸ்காபரோவில் வோபர்ன் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக் கராஜுக்குள். அப்பா காலமாகி முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை.

அம்மா தினமும் காலையில் அப்பாவின் படத்துக்குச் செவ்வந்திப் பூ வைப்பார். வாடின பூவைக் குப்பையில் போட அவருக்கு மனம் வராது. ஒருவரின் காலும் படக்கூடாது என்று கராஜில் ஒரு பெட்டியில் சேர்த்து வைப்பார். நிறைந்ததும் கொண்டுபோய் ஆற்றில் விட வேண்டும். ஒரு வியாழக்கிழமை பூவைப் போட்டுவிட்டு உள்ளே வந்தவர், "கராஜுக்குள்ள கீச்செண்டு ஒரு சத்தம் கேட்டுது பிள்ளை" என்றார். நான் லப்டொப்பிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "அணிலாயிருக்கும் அம்மா" என்றேன். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அண்ணா ட்றக் ஓடுகிறவர். அந்தச் சனிக்கிழமை மேற்கே மலைப்பக்கமிருந்து தட்டைக் கற்கள் ஏற்றிக்கொண்டு வந்தார். தோட்டத்தில் சின்ன மதில் கட்டுகிற கல். வழியில் ஒரு கட்டு சரிந்து உடைந்துவிட, வாங்க வேண்டியவர் அதை வேண்டாம் என்றுவிட்டார். "சும்மா கிடைக்கிற கல்லை ஆரும் விடுவினமோ" என்று அண்ணா அதைக் கராஜின் மூலையில் குவித்துவிட்டு, மறுநாளே அடுத்த பாரத்துக்குக் கிளம்பிவிட்டார்.

திங்கட்கிழமை பூப்பெட்டி பாதி காலி. புதன்கிழமை முழுக்கக் காலி. கராஜ் கதவோ பூட்டியபடி. நானும் அம்மாவும் தேடியபோது, கல் இடுக்கு ஒன்றில் அவ்வளவு பூவும் இருந்தது. வீசி எறிந்த மாதிரி இல்லை. காம்பெல்லாம் ஒரே பக்கம் பார்க்க, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தது. அடியில் கிடந்தவை காய்ந்து வைக்கோல் போல மணத்தன.

அம்மா கத்தவில்லை. ஒரு காம்பை விரலால் தொட்டுவிட்டு, "அப்பா இப்பிடித்தான் அடுக்குவார்" என்றார்.

உண்மைதான். இருபது வருடம் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிய மனிதர் அப்பா. வீட்டில் துவாயைக்கூட ஓரம் பார்த்துத்தான் மடித்து வைப்பார்.

அன்றிலிருந்து பின்னேரம் நாலு மணிக்குக் கராஜுக்குள் பால் விடாத பிளேன்ரீ ஒரு கப் போகத் தொடங்கியது. அம்மா அங்கே நின்று மெல்லிய குரலில் ஏதோ கதைப்பது குசினிவரை கேட்கும். அப்பா போன பிறகு அவர் அவ்வளவு கதைத்ததே இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

நான் பல்கலைக்கழகத்தில் உயிரியல் இரண்டாம் வருடம். எதைக் கண்டாலும் உடனே அதற்கு ஒரு பெயர் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. அடுத்த நாள் பின்னேரம் ஃபோன் கமராவை ஓடவிட்டு, கராஜின் சுவர்த் தட்டில் சாய்த்து வைத்துவிட்டு வந்தேன். பிறகு எடுத்துப் பார்த்தேன். மங்கல் வெளிச்சத்தில் ஒரு மஞ்சள் செவ்வந்தி பெட்டிக்குள்ளிருந்து தானாக எழும்பியது. விளிம்பைத் தாண்டியது. கற்களின் மேல் நகர்ந்து போய் இடுக்குக்குள் மறைந்தது. அதற்குப் பின்னால் ஒருவரும் இல்லை. கல்லின் நிறம் மட்டுந்தான்.

கராஜுக்குள் போய் நின்று பார்த்தேன். "கீச்!" இடப்பக்கம். திரும்பினேன். "கீச்!" ஃப்ரீசருக்குப் பின்னால். அடுத்தது என் காலடியிலேயே. பேய் பிசாசு நம்பாதவள் நான். ஆனாலும் லைற்றைக்கூட அணைக்காமல் உள்ளே ஓடிவந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை, "அப்பாவுக்குக் குளிர் ஒத்துவராதெல்லே" என்று சொல்லி, அம்மா தன்னுடைய அறை ஹீற்றரைக் கராஜுக்குத் தூக்கிக்கொண்டு போனார். கற்களைப் பார்த்தபடி வைத்தார். அவரோடு வாதாட எனக்கு மனம் வரவில்லை. நானே அதைப் பிளக்கில் செருகி, சூட்டை முழுக்கக் கூட்டிவிட்டு வகுப்புக்குப் போனேன்.

பகல் லைப்ரரியில் இருந்தபோதுதான் தேடிப் பார்க்கத் தோன்றியது. கற்குவியல், காய்ந்த பூ, கீச்சுச் சத்தம். நாலாவது பக்கத்தில் கிடைத்தது: பைக்கா. முயலுக்குச் சொந்தம், ஆனால் ஒரு கைப்பிடி அளவுதான். மலைச் சரிவில் கற்களுக்குள் வாழும். பனி கொட்டும் மாரி முழுக்கத் தூங்காமல் இருக்குமாம். அதனால் புல்லையும் பூவையும் வெட்டி, கல் இடுக்கில் அடுக்கிக் காயவைத்துச் சேமிக்கும். அதன் குரலை இயர்ஃபோனில் கேட்டேன். அதே கீச்! எழும்பித் துள்ளாத குறை.

அடுத்த வரியை வாசித்தேன். குளிருக்கென்றே ஆன உடம்பு, கடும் சூட்டில் சில மணி நேரத்திலேயே செத்துவிடும் என்று இருந்தது.

வெளியே ஓடிவந்து அம்மாவுக்கு ஃபோன் அடித்தேன்.

"அம்மா, ஹீற்றரை நிப்பாட்டுங்கோ!"

"ஏன் பிள்ளை? இப்பதான் உள்ளுக்க நல்ல இதமாக் கிடக்கு."

"அது மலையில இருக்கிற ஒரு சின்ன மிருகம் அம்மா. சூட்டில செத்துப்போடும்."

"உனக்கு எல்லாம் தெரியும்." குரல் மரத்துப்போயிருந்தது.

"அம்மா... அது அப்பா இல்லை."

ஃபோன் கட்டாகிவிட்டது. திரும்ப அடித்தேன், எடுக்கவில்லை. பஸ்ஸில் நாற்பது நிமிடம். சொல்லாமல் விட்டிருந்தால் அந்த உயிர் போயிருக்கும். சொன்னதால் அம்மா அப்பாவை இரண்டாம் தரம் இழந்துவிட்டார். வழி முழுக்க இதையேதான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது கராஜின் பெரிய கதவு முழுக்கத் திறந்து கிடந்தது. பனித்தூறல் உள்ளே அடித்துக்கொண்டிருந்தது. அப்பாவின் விண்டர் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு அம்மா முக்காலியில் இருந்தார். மடியில் ஒரு சப்பாத்துப் பெட்டி. அதற்குள் துவாயில் சுற்றிய, ஃப்ரீசரில் உறைந்து கிடந்த தேங்காய்ப்பூப் பக்கெற். அதன்மேல் வட்டக் காதும் வாலில்லாத உடம்புமாக ஒரு சாம்பல் உருண்டை, விலா படபடக்கப் படுத்திருந்தது.

"கல்லுக்கு வெளியில வந்து விழுந்து கிடந்தது. தூக்கினன், ஓடேல்லை. அந்த அவசரத்தில உதுதான் கையில அம்பிட்டுது."

வாசித்தது எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா பெட்டியைக் குளிர்காற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு, "அப்ப இவ்வளவு நாளும் எடுத்த பூ?" என்றார்.

"மாரிக்குச் சாப்பாடு அம்மா."

அவர் ஜக்கெற் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அதையும் கட்டு. சாப்பாடில்லாமல் எப்பிடி விடுறது?"

காட்டு மிருகங்களைப் பராமரிக்கும் இடமொன்றில் பெட்டியையும் ஒரு பை காய்ந்த செவ்வந்தியையும் ஒப்படைத்தோம். அண்ணா ஃபோனில், "உவர் என்ர ட்றக்கில ரிக்கெற் எடுக்காமல் வந்தவரோ!" என்று சிரித்தார். அம்மாவும் சிரித்தார். இரண்டு கிழமை கழித்து, அது தேறிவிட்டது, மேற்கே அனுப்ப ஒழுங்கு செய்கிறோம் என்று அழைத்துச் சொன்னார்கள். பிளேன்ரீக் கப் அலுமாரிக்குத் திரும்பிப் போய்விட்டது.

இந்தக் கதையைச் சிநேகிதி ஒருத்திக்கு நாள் வாரியாகச் சொல்லிக்கொண்டு வந்தபோதுதான் ஓரிடத்தில் நின்றுவிட்டேன். பைக்கா வந்தது கல்லோடு. கல் வந்தது சனிக்கிழமை. அம்மா கராஜுக்குள் சத்தம் கேட்டதாகச் சொன்னது அதற்கு முந்தின வியாழன்.

அம்மாவிடம் கேட்கலாம் என்று ஒரு காலை போனேன். அப்பாவின் படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தார், காம்புகளை ஒரே பக்கமாகத் திருப்பித் திருப்பி. கேட்காமலே வந்துவிட்டேன். எல்லாவற்றுக்கும் பெயர் சொல்லத் துடிக்கிற நான், அந்த இரண்டு நாட்களை மட்டும் இன்றுவரை அம்மாவிடமே விட்டுவைத்திருக்கிறேன்.