வேனில் ஏறிய பிள்ளை வகுப்பில் இல்லை

“சிஸ்டர், எம் மக ஸ்கூலுக்கு வரலைன்னு போன்ல மெசேஜ் வந்திருக்கு. காலைல நாந்தானே வேன்ல ஏத்திவிட்டேன். மூணு பேரையும் ஏத்திவிட்டேன் சிஸ்டர்!”

தலைமை ஆசிரியையான சிஸ்டரின் அறையில் ஸ்பீக்கரில் கேட்ட குரல் முருகேசனுடையது. கன்னிவாடிப் பக்கம் தக்காளியும் முருங்கையும் போடுகிற விவசாயி. அவருடைய மூன்று பெண்களும் திண்டுக்கல்லில் எங்கள் பள்ளியில்தான் படித்தார்கள். மூத்தவள் பவித்ரா பன்னிரண்டாம் வகுப்பு, நடுவில் உள்ளவள் நந்தினி எட்டு, கடைக்குட்டி யாழினி இரண்டு. காணாமல் போயிருந்தவள் பவித்ரா.

நான் அந்தப் பள்ளியின் கவுன்சிலர். பிள்ளைகளுக்கு ‘கவுன்சிலிங் மிஸ்’. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, “சின்னப் பிள்ளைகளுக்கும் பெரிய பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரிதானே பேசணும்?” என்பது. அதற்குப் பதிலாக நான் எப்போதும் இந்த ஒரு நாளைத்தான் சொல்வது வழக்கம்.

வேன் டிரைவரைக் கூப்பிட்டு விசாரித்தோம். கேட் வரை வந்திருக்கிறாள். “சார்ட் வாங்கிட்டு வாரேன், நீங்க உள்ள போங்க” என்று தங்கைகளிடம் சொல்லிவிட்டு எதிர்ப்பக்கம் கடைக்குப் போனதைப் பார்த்திருக்கிறார். அதற்குப் பிறகு அவருக்குத் தெரியாது.

பவித்ராவின் வகுப்பாசிரியை லூர்துமேரி மிஸ் தாழ்ந்த குரலில் சொன்னார்: “இந்த வயசுல வேற என்ன இருக்கப் போகுது? ஏதாச்சும் பையன் விஷயமாத்தான் இருக்கும்.” பவித்ராவோடு சுற்றும் தோழிகளைக் கேட்டோம். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அவர்கள் முகத்திலிருந்த பயம் உண்மையான பயம்.

அதற்குள் முருகேசன் பைக்கில் வந்து சேர்ந்துவிட்டார். காலில் தோட்டத்துச் சேறு. “எவன்கூடப் போனான்னு மட்டும் சொல்லுங்க டீச்சர். அம்புட்டுதான். கண்டுபிடிச்சுக் கூட்டிட்டுப் போயி, படிப்பை நிறுத்தி, மொத முகூர்த்தத்துலயே எவன் கையிலயாவது பிடிச்சுக் குடுத்துர்றேன்.”

கத்தவில்லை. மெதுவாகச் சொன்னார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“போலீஸுக்குச் சொல்லிரலாமா?” என்று சிஸ்டர் என்னைப் பார்த்தார்.

“சொல்லத்தான் வேணும் சிஸ்டர். நீங்க பேசுங்க. அதுக்குள்ள நான் ரெண்டு தங்கச்சிகளையும் பாத்துட்டு வந்துர்றேன்.”

இரண்டாம் வகுப்பு

யாழினியை என் அறைக்குக் கூட்டி வந்தேன். இரண்டாம் வகுப்புப் பிள்ளையிடம் “அக்கா எங்கே போனா?” என்று நேராகக் கேட்கக் கூடாது. கேட்டால், பெரியவர்கள் எதிர்பார்ப்பதாக அது நினைக்கிற பதிலைச் சொல்லிவிடும். அல்லது அழும். என் அறையில் இந்த வயதுக்காரர்களுக்கென்று களிமண், சொப்புச் சாமான், கைப்பொம்மைகள் வைத்திருக்கிறேன். நானும் தரையில் உட்கார்ந்து களிமண்ணைப் பிசைந்தேன். அவளும் பிசைந்தாள். இட்லி செய்தோம்.

“யாருக்கு இந்த இட்லி?”

“அப்பாக்கு, அம்மாக்கு, நந்தினி அக்காக்கு.”

“பவி அக்காவுக்கு?”

“அவளுக்குக் கிடையாது.”

“ஏன், சண்டையா?”

“அவ என்னையத் தூக்கவே மாட்டேங்கிறா மிஸ். மேல சாஞ்சா தள்ளிவிடுறா. முந்தி வேன்ல அவ மேல சாஞ்சுதான் தூங்குவேன். இப்ப, ‘அங்கிட்டுப் போ, நெஞ்சுல இடிக்காத’ன்னு சொல்றா.” இட்லியைக் கட்டைவிரலால் நசுக்கினாள். “குளிச்சுட்டு வந்தா கண்ணெல்லாம் சிவப்பா இருக்கு. சோப்பு பட்டுருச்சாம்.”

மேலே எதுவும் கேட்கவில்லை. அவளை வகுப்பில் விட்டுவிட்டு நடக்கும்போது ‘நெஞ்சுல இடிக்காத’ என்ற சொல் மட்டும் காதிலேயே இருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று அப்போது எனக்குப் பிடிபடவில்லை.

எட்டாம் வகுப்பு

எட்டாம் வகுப்புப் பிள்ளையை அறைக்குள் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்தால் காரியம் கெட்டது. யார் பார்க்கிறார்கள், யார் என்ன பேசுவார்கள் என்பதுதான் அந்த வயதின் கவலை. நந்தினியை நூலகத்துக்குக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டு மைதானத்தைச் சுற்றி நடந்தேன். பக்கத்தில் நடந்தால் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. வேப்ப மரம் வந்ததும் அவளே கேட்டாள்.

“அப்பா வந்திருக்காரா மிஸ்?”

“வந்திருக்காரு.”

“அடிப்பாரா?”

“உன்னையா? இல்ல.”

“அக்காவ.”

நான் நின்றேன். “நந்தினி, என் ரூம்ல பேசுறது வெளிய போகாதுன்னு உங்க கிளாஸ்ல சொல்லியிருக்கேன். கூடவே இன்னொண்ணும் சொன்னேன். ஞாபகமிருக்கா?”

“யாருக்காச்சும் ஆபத்துன்னா மட்டும் சொல்லுவீங்க.”

“ஆமா. அந்த ரூல் எனக்கு மட்டுமில்ல, உனக்கும்தான்.”

அவள் செருப்பு முனையால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். “சத்தியம் வாங்கிட்டா மிஸ்.”

“அவ மேல இருக்கிற பாசத்துலதான சத்தியம் பண்ணினே? அதே பாசத்துல சொல்லு. அவ நல்லா இருக்காளான்னு மட்டும்தான் எனக்குத் தெரியணும்.”

மண்ணைக் கிளறுவதை நிறுத்தினாள். “நேத்து, பெரியாஸ்பத்திரிக்கு எந்த டவுன் பஸ் போகும்னு கேட்டா. யாருக்குன்னு கேட்டேன். பிரண்டோட அம்மாவப் பாக்கன்னு சொன்னா. சாயங்காலம் வேனுக்கு வந்துருவேன், வீட்ல சொல்லிராதன்னு...” சட்டென்று நிமிர்ந்தாள். “பையன் கூடல்லாம் போகல மிஸ். எல்லாரும் அப்படித்தான பேசுறாங்க?”

பெரியாஸ்பத்திரி. நெஞ்சில் இடிக்காதே. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்த அந்த நிமிடத்தில் எனக்கு விஷயம் பிடிபட்டது. நந்தினியின் தோளைப் பிடித்துக்கொண்டேன். “நீ செஞ்சது சரி. உங்க அக்காகிட்ட நானே சொல்றேன்” என்றேன்.

சிஸ்டரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். “அவ அப்பாவை இங்கயே இருக்கவைங்க. இருக்கிற இடம் தெரிஞ்சிருச்சு, பத்திரமா இருக்கான்னு மட்டும் சொல்லுங்க. போலீஸுக்கும் அதையே சொல்லிருங்க.” கேட்டுக்கு வெளியே கிடைத்த ஆட்டோவில் ஏறினேன். பேகம்பூர் நெரிசலில் மாட்டி வண்டி நின்றபோது இறங்கி ஓடிவிடலாமா என்று தோன்றியது.

பன்னிரண்டாம் வகுப்பு

மருத்துவமனையின் புறநோயாளிகள் பகுதியில், சுவரோரப் பெஞ்சின் கோடியில் அவள் இருந்தாள். சீருடை. மடியில் பை. வியர்வையில் நனைந்து கசங்கிய ஓ.பி. சீட்டு கையில். என்னைப் பார்த்ததும் எழுந்தாள், பிறகு உட்கார்ந்துவிட்டாள்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையிடம் களிமண்ணும் வேண்டாம், சுற்றி வளைப்பும் வேண்டாம். அது பாதிப் பெரிய மனுஷி. நேராகப் பேசினால்தான் மதிக்கும்.

“கட்டி மாதிரி ஏதாவது தட்டுப்படுதா பவித்ரா?”

அவள் கண்கள் விரிந்தன. “யாரு சொன்னது?”

“யாரும் சொல்லல. நானா யூகிச்சேன். எத்தனை நாளா?”

“தீபாவளிக்கு முன்னாடி இருந்து.” அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் அப்போது வந்தது. “எங்க அத்தைக்கு இதே மாதிரிதான் மிஸ் வந்துச்சு. அப்பாவோட அக்கா. கடைசியில எங்க வீட்லதான் இருந்தாங்க. நாந்தான் பக்கத்துல படுத்துக்குவேன். அவங்க போன பிறகு அப்பா சரியாச் சாப்பிடவே இல்ல. தோட்டத்துக்குப் போனா வரப்புல உக்காந்துக்குவாரு. எனக்கும் அதான்னு எப்படி மிஸ் போயிச் சொல்றது? டாக்டர்கிட்ட காட்டி, என்னன்னு தெரிஞ்சப்புறம் சொல்லலாம்னு வந்தேன். நர்ஸக்கா, ‘அம்மாவக் கூட்டிட்டு வா பாப்பா, பயப்படாத, டாக்டரம்மா பாப்பாங்க’ன்னாங்க. வீட்டுக்கும் போக முடியல, உள்ளயும் போக முடியல.”

அந்தப் பெஞ்சில் காலையிலிருந்து அப்படியே உட்கார்ந்திருக்கிறாள்.

“உன் அப்பா ஸ்கூல்ல இருக்காரு. நீ எவன்கூடவோ போயிட்டேன்னு நினைச்சுக்கிட்டு இருக்காரு.”

அவள் சிரித்துவிட்டாள். அழுகையின் நடுவில் வந்த சிரிப்பு.

“இப்ப சொல்லியாகணும். நீ சொல்றியா, நான் சொல்லவா?”

யோசித்தாள். “நீங்க சொல்லுங்க மிஸ். நான் பக்கத்துல நிக்கிறேன்.”

நான் போன் செய்ததும் சிஸ்டரே தன் காரில் முருகேசனை அழைத்து வந்தார். கார் கதவைத் திறந்து இறங்கிய வேகத்தில் அவர் கை ஓங்கியிருந்தது. நான் நடுவில் நின்று இரண்டே வாக்கியத்தில் சொன்னேன். மார்பில் ஒரு கட்டி. அத்தைக்கு வந்ததுபோல் இருக்குமோ என்று பயந்து, உங்களுக்குத் தெரியக் கூடாதென்று தனியாக வந்திருக்கிறாள்.

ஓங்கிய கை அப்படியே இறங்கி அவர் வாயைப் பொத்திக்கொண்டது. “எங்க அக்காவுக்கு வந்ததா?” என்றார். “ஏம்மா, அதுக்கா தனியா வந்தே? ஒத்தையிலயா வந்தே?” அந்தக் கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். கல்யாணப் பேச்சு அந்த மருத்துவமனை வாசலோடு போயிற்று.

அம்மாவையும் வரவழைத்தோம். டாக்டரம்மா பவித்ராவை உள்ளே அழைத்துப் பார்த்து, ஸ்கேன் எடுக்கச் சொன்னார். பிறகு அவளையும் பெற்றோரையும் உட்காரவைத்துப் பேசினார். “இது ஃபைப்ரோ அடினோமா மாதிரிதான் தெரியுது. இந்த வயசுப் பிள்ளைங்களுக்குச் சாதாரணமா வர்ற கட்டி. புற்றுநோய் இல்ல. தொட்டா நழுவி நழுவிப் போகுது பாருங்க, அதுவே நல்ல அறிகுறி. இருந்தாலும் குடும்பத்துல ஒருத்தருக்கு இருந்ததால ஊசி போட்டுக் கொஞ்சம் சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பிருவோம். நிம்மதியாப் போங்க.”

டெஸ்ட் முடிவு வரும்வரை அந்த வீட்டில் யாரும் நிம்மதியாகத் தூங்கியிருக்க மாட்டார்கள். நானும்தான். முடிவு வந்த அன்று மதியம் முருகேசன் போன் செய்தார். “ஒண்ணுமில்லையாம் டீச்சர்.” பின்னால் யாரோ அழுதுகொண்டே சிரிப்பது கேட்டது. போனை வைத்துவிட்டு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, நானும் கொஞ்ச நேரம் அழுதேன். அப்படி ஒரு இலேசான அழுகையை அதற்கு முன் நான் அழுததில்லை. அப்புறம்தான் மதியச் சாப்பாட்டை எடுத்து வைத்தேன். புளிச்சோறும் உருளைக்கிழங்கும் அவ்வளவு ருசியாக இருந்தன.

ஆசிரியை

பவித்ராவின் பெயரை வெளியே விடாமல், அந்தக் கல்வியாண்டிலேயே ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரையுள்ள பெண்பிள்ளைகளுக்கு அதே டாக்டரம்மாவை வரவழைத்துப் பேசவைத்தோம். உடம்பில் என்ன மாற்றம் வந்தால் யாரிடம் சொல்ல வேண்டும், எது சாதாரணம், எதைத் தள்ளிப்போடக் கூடாது என்று அவர் படம் போட்டு விளக்கினார். முதலில் குனிந்த தலைகள், பிறகு ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. கேள்விகள் வந்தன. பவித்ரா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, பக்கத்துப் பிள்ளைக்கு எதையோ விளக்கிக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் கலைந்த பிறகு நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். லூர்துமேரி மிஸ் மட்டும் போகாமல் வாசலில் நின்றார்.

“மிஸ், டாக்டரம்மா கெளம்பிட்டாங்களா?”

“இப்பத்தான் கார்ல ஏறுனாங்க. ஏன் மிஸ்?”

அவர் சேலை முந்தானையை விரலில் சுற்றினார். “எனக்கும் ஒண்ணு இருக்கு. ஒரு வருஷமா இருக்கு. வீட்டுக்காரர்கிட்ட கூடச் சொல்லல.”

மறுநாளே கூடப் போனேன். அது வெறும் நீர்க்கட்டி என்று தெரிந்தபோது மருத்துவமனை வளாகத்தில் அவர் என் கையை விடவே இல்லை.

என் அறை வாசலில் ‘எல்.கே.ஜி. முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை’ என்று எழுதியிருக்கும். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களே, சின்னவர்களோடு தரையில் உட்காருங்கள், நடு வகுப்புப் பிள்ளைகளோடு நடந்துகொண்டே பேசுங்கள், பெரிய பிள்ளைகளிடம் உள்ளதை உள்ளபடி கேளுங்கள். இதெல்லாம் வேலைக்கு வந்த கொஞ்ச காலத்தில் பழகிவிடும். எனக்குப் பழகப் பல வருடங்கள் ஆனது வேறு ஒன்று. ஒரு பள்ளியில் பயத்தைச் சொல்ல ஆள் தேடுகிறவர்கள் சீருடையில் மட்டும் இருப்பதில்லை. பள்ளி விட்ட பிறகும் கொஞ்ச நேரம் கதவைத் திறந்து வையுங்கள்.