இரண்டு முனையிலும் கொடி

என் வீட்டுக்காரர் போன பிறகு குத்தகை நிலத்தை நான்தான் பயிர் செய்துவந்தேன். நன்னிலத்துக்குக் கிழக்கே, மிராசுதார் வயலை ஒட்டிய துண்டு. நான் சாகுபடியே செய்யவில்லை, நிலத்தைத் தனக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அவர் ரெவின்யூ கோர்ட்டில் கேஸ் போட்டிருந்தார். எங்கள் தெரு ஆட்கள் சாட்சி சொன்னால் என் பக்கத்து ஆட்கள் என்று கோர்ட்டில் தள்ளிவிடுவார்கள்.

அந்தச் சம்பாவில் புகையான் விழுந்தது. தூரில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும் பூச்சி. விழுந்த இடம் தீ வைத்ததுபோல் கருகிவிடும். நான் சாகுபடி செய்ததற்குப் பயிர்தான் அத்தாட்சி; அது போனால் கேஸும் போச்சு. விமானத்தில் மருந்தடிக்கப் போவதாக விவசாய ஆபீசர் வந்து சொன்னார். சின்ன விமானம்; றெக்கைக்கு ஒன்றாக இரண்டு என்ஜின், கார் மாதிரி பெட்ரோலில் ஓடுவது. முன்பு பெரிய மனிதர்களை ஏற்றிப் போனதாம், பிறகு மேலேயிருந்து நிலத்தைப் படம் பிடித்ததாம். இப்போது சீட்டைக் கழற்றிவிட்டு மருந்துத் தொட்டி வைத்திருந்தார்கள்.

"ஒரு என்ஜின் நின்னாலும் இன்னொண்ணு கொண்டாந்து சேத்துடும்மா. ஆனா கீழ ரெண்டு முனையிலயும் கொடியோட ஆள் நிக்கணும். ஒரு பக்கம் ஆள் இல்லேன்னாலும் பைலட் திரும்பிப் போயிடுவாரு" என்றார்.

கீழ்முனை என் வயல், மேல்முனை மிராசுதார் வயல். கூலித் தகராறில் அவர் வயலில் ஒருத்தரும் கால் வைக்காத நேரம்.

"என்னக்கா, மிராசுதாருக்கே கொடி பிடிக்கப் போறியா?" என்று ஆட்கள் சிரித்தார்கள்.

"என் பயிருக்குப் பிடிக்கிறேன். பூச்சி பட்டா பாத்தாடா திங்குது?"

வெள்ளைத் துணியைக் கம்பில் கட்டிக்கொண்டு போய் நின்றேன். எதிர்முனையில் ஆள் யார் என்று பார்த்தால், மிராசுதாரேதான். செருப்பில்லாமல், தன் அங்கவஸ்திரத்தைக் குடைக்கம்பியில் கட்டிப் பிடித்திருந்தார். வரப்பில் வழுக்கி வழுக்கி நின்றார் பாவம்.

விமானம் தென்னை உயரத்துக்கு இறங்கி வந்தது. ஒவ்வொரு தடவை வருவதற்குள்ளும் இரண்டு பேரும் ஒரே அளவு தள்ளி நிற்க வேண்டும். நான் கம்பை ஆட்டினால் அவர் நகர்வார். ஒரு தடவை சத்தத்தில் மிரண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"நகருங்கய்யா! நகருங்க!"

காதில் விழவில்லை.

தை மாசம் கோர்ட்டில் என் வக்கீல் அவரைக் கேட்டார்: "இந்த அம்மா வயல்ல நின்னு நீங்க பாத்ததே இல்லையா?"

மிராசுதார் தன் வக்கீலைப் பார்த்தார். அந்த வக்கீல் கண்ணால் என்னவோ சொன்னார். இவர் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"பாத்தேன். எதிர்முனையில நான்தான் நின்னேன். அந்தம்மா பயிர்தான் அது."

நிலம் என்னிடமே நின்றது. வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்த மிராசுதார், என்னைக் கண்டு, "உன் பக்கம் புகையான் விட்டுதாம்மா?" என்றார்.

"விட்டுதுங்கய்யா. உங்க பக்கம்?"

"நடுவுல ஒரு பட்டை கருகிப் போச்சு."

"நீங்க நகராம நின்னீங்கள்ல, அந்த இடந்தாங்க."

"ஆமாம்மா" என்றார். சிரிப்பு வந்துவிட்டது, இரண்டு பேருக்கும்.