நாற்பது டிகிரிச் செம்பு

மதுரை வெயிலைக் கணக்கில் சேர்க்கப் போய், அதை உறைபனியாக்கிய பெருமை என்னுடையது.

பொடிப்பொடிப் படிகங்களாலான செம்பை இழுத்தால் அது எப்படி நெளியும் என்று கணினியில் போட்டுப் பார்ப்பது என் பிழைப்பு. நம்மூர்ச் சூட்டிலேயே பார்க்கலாமே என்று, வெப்பநிலை கேட்ட இடத்தில் நாற்பது என அடித்தேன். படிகங்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கவே இல்லை. செம்பு அசாத்திய உறுதி காட்டியது. ஏன் என்று விளக்கி ஒரு கோட்பாடே எழுதினேன். என் மாணவியின் ஆய்வேட்டுக்கு அதுதான் முதுகெலும்பு.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க ஒரு வாரம் இருக்கையில் அவள் தயங்கித் தயங்கி வந்தாள். "சார், புரோகிராம் கெல்வின்லதான் கேக்குது. நாப்பது கெல்வின்னா மைனஸ் எரநூத்தி முப்பத்திமூணு டிகிரி சார்."

திருத்தி ஓட்டினோம். செம்பு சாதாரணமாக நெளிந்தது. அத்தியாயம் போயிற்று; பட்டமும் ஆறு மாதம் தள்ளிப்போயிற்று. அவள் என்னைத் திட்டவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

வீட்டில் மனைவியிடம் புலம்பினேன்: "தப்பான எண்ணுக்கு எம்புட்டு அழகா காரணம் சொல்லிருக்கேன் பாரு. அதான் பயமா இருக்கு."

"இதென்ன புதுசா? பரவை மார்க்கெட்ல முத்தின வெண்டிக்காயா அள்ளிட்டு வந்து, அதுலதான் சத்து அதிகம்னு சொன்ன ஆளுதான நீங்க."