கவுன்ட்டருக்குள் பதிவு அக்கா

நகராட்சியில் எல்லோருக்கும் அவர் பதிவு அக்கா. பழைய நகர மன்றக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், கம்பி போட்ட கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, ஊரில் பிறந்தவர்களையும் இறந்தவர்களையும் பதிந்துகொண்டிருந்தார். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. நான் வரிப் பிரிவில் இருந்தேன். மதியம் எங்கள் அறைக்கு வந்து, ஜன்னலை ஒட்டி நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் போவார்.

அலுவலகம் புதுக் கட்டடத்துக்கு மாறப்போகிறது என்றதும் அக்காவைக் கையில் பிடிக்க முடியவில்லை. முன்னதாகவே போய் ஒரு ஜன்னலோர மேஜையைப் பார்த்துவைத்து, நாற்காலியில் மெத்தைகூடப் போட்டுவிட்டு வந்தார். அப்போதுதான் ஆணையர் கூப்பிட்டனுப்பினார்.

"பழைய கட்டடத்தை நவீன கலைக்கூடமா மாத்தறாங்க. நம்ம ஆள் ஒருத்தர் அங்க இருக்கணும். உங்களுக்குத்தான் அந்த இடம் அத்துப்படி."

"அத்துப்படிங்கிறதாலதான் சார் வேண்டாங்கிறேன்."

ஆணையர் வாய்விட்டுச் சிரித்தார். "ஒரு வருஷம் போகட்டும், பார்த்துக்கலாம்."

வீட்டில் கணவர் முதுகெலும்பு தேய்ந்து படுக்கையில் இருந்தார். பஸ் ஓட்டியவர். பழைய கட்டடம் நடை தூரம், புதியதோ ஊர்க்கோடி. "நல்லதாப் போச்சு. மத்தியானம் வந்து மாத்திரை குடுத்துட்டுப் போயிடலாம்" என்றார். அதற்குமேல் அக்காவால் என்ன சொல்ல முடியும்?

சுவர்களை இடித்து, அறைகளை ஒன்றாக்கி, எங்கு பார்த்தாலும் வெள்ளையடித்தார்கள். அக்காவின் கவுன்ட்டரை மட்டும் ஒரு பெண் சிற்பி உடைக்கவிடவில்லை. அதைக் கூடத்தின் நடுவில் நிறுத்தி, மேலே ஒரு விளக்கைப் போட்டு, அக்காவையே உள்ளே உட்காரச் சொன்னார்.

"யார் என்ன கேட்டாலும் பேசக் கூடாது. சும்மா உட்கார்ந்தாப் போதும்."

"சும்மா உட்கார ஒரு பொம்மையை வெச்சுக்கலாமே, மேடம்?"

"பொம்மைக்கு உங்க முகம் வராதே."

ஒத்துழைக்கும்படி ஆணையரிடமிருந்து போன் வந்தது. அக்கா உட்கார்ந்தார்.

கூட்டம் வந்தது. கம்பி வழியாக எட்டிப் பார்த்தது. "இந்த ஆன்ட்டி நிஜமா?" என்று ஒரு குழந்தை கேட்க, அதன் அம்மாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. நான் போனபோது அக்கா உதடு அசையாமல் சொன்னார்: "மூக்கு அரிக்குது. சொறிஞ்சா நாலு பேர் போட்டோ எடுக்கறாங்க."

ஒரு நாள் காலையில் பெரியவர் ஒருவர் வந்து, கூட்டத்தை வரிசை என்று நினைத்துப் பின்னால் நின்றார். முறை வந்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அம்மா, என் வீட்டுக்காரி தவறிட்டா. இங்கதான் பதியணும்னாங்க."

அக்கா பேசவில்லை. பெரியவர் திரும்பவும் சொன்னார். சுற்றி நின்றவர்கள் அவரும் ஏற்பாடு செய்த ஆள் என்று நினைத்து ரசித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா பக்கக் கதவைத் திறந்து வெளியே வந்தார்.

"ஆபீஸ் இப்ப இங்க இல்லீங்க ஐயா. வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்."

கூடமே கை தட்டியது. சிலர் பஸ் நிறுத்தம்வரை போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

"எதுக்கும்மா கை தட்டினாங்க?" என்று பஸ்ஸில் பெரியவர் கேட்டாராம்.

"எனக்கும் தெரியலைங்க" என்றாராம் அக்கா.

புது அலுவலகத்தில் பெரியவருக்கு வேலையை முடித்துக்கொடுத்த பிறகு, யாரோ உட்கார்ந்திருந்த அந்த ஜன்னலோர மேஜைக்குப் பின்னால் அக்கா சற்று நேரம் நின்றார். "இருங்கக்கா, டீ சொல்றேன்" என்றேன். "மாத்திரை நேரம்" என்று கிளம்பிவிட்டார்.

மறுநாள் சிற்பி ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். "பிரமாதம்! தினமும் இதே மாதிரி எழுந்து போங்க. பெரியவரா நடிக்க ஒரு ஆளைப் பிடிக்கிறேன்."

"அவரு நிஜமாவே பொண்டாட்டியைப் பறிகொடுத்தவரு, மேடம்."

"அதான் அவ்வளவு தத்ரூபம்!"

"நான் எழுந்திருக்க மாட்டேன்" என்றார் அக்கா. எவ்வளவோ கெஞ்சியும் எழுந்திருக்கவில்லை. அந்தப் பிடிவாதத்தில் அவருக்குக் கிடைத்தது, முன்புபோல நாளெல்லாம் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதுதான். இடமாற்றம் கேட்டுப் பார்த்தார். மக்கள் ஆதரவால் காட்சி நீட்டிக்கப்பட்டிருக்கிறது என்று பதில் வந்தது.

ஒருவழியாகக் கவுன்ட்டரைப் பெட்டியில் அடைத்து வேறொரு நகரத்துக்கு அனுப்பினார்கள். விட்டது தொல்லை என்று அக்கா மூச்சு விடுவதற்குள், அதே இடத்தில் பெரிய திரை ஒன்று முளைத்தது. அதில் ஒருவன் ஓயாமல் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறான். பக்கத்தில் காவலுக்கு ஒரு நாற்காலி. புது ஆணையரும், அந்தக் கட்டடத்தில் பழகியவர் அக்கா ஒருவர்தானே என்று அவரையே அதில் உட்காரவைத்தார்.

போன வாரம் பார்க்கப் போனேன். இரண்டு முறை கூப்பிட்டும் திரும்பவில்லை. காதில் பஞ்சு வைத்திருந்தார். தோளைத் தொட்டதும் திடுக்கிட்டு, "தொடாதீங்க" என்றார். பிறகு அடையாளம் தெரிந்து சிரித்தார்.

"வாங்கக்கா, வெளியில போய் ஒரு டீ சாப்பிடலாம்."

"மாத்தி விட ஆள் இல்லப்பா" என்று சொல்லிவிட்டு, பஞ்சைத் திரும்பக் காதில் வைத்துக்கொண்டார்.