ஊசியின் மூன்றாவது துண்டு

எங்கள் கம்பெனியின் ஊசிப் பதிவேட்டில் ஒரு பக்கம் உண்டு. கண்ணாடி டேப்புக்கு அடியில் ஒரே ஊசியின் இரண்டு துண்டுகள். கீழே தனி டேப்பில், அரிசிக் குருணை அளவில், மூன்றாவது. இரண்டு டேப்புக்கும் நடுவே நான் போட்டு, பிறகு அடித்துவிட்ட என் கையெழுத்து.

இராஜபாளையத்தில், ஆபரேஷனின்போது வயிற்றுக்குள் ரத்தம் ஒற்ற வைக்கும் கனத்த துணியைத் தைக்கும் சிறிய கம்பெனி அது. அப்போது நான் தரப் பரிசோதகராகச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. மிஷினில் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடியெடுத்துப் பதிவேட்டில் ஒட்ட வேண்டும். அதன்பிறகுதான் தையல் தொடரும். டிப்ளமோ படித்த நாளிலிருந்து எதையும் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு போனால்தான் எனக்கு நிம்மதி. அன்று காலையும் அப்படித்தான். ஊசியின் அடிப்பாகம் இருக்கிறது, முனை இருக்கிறது. கையெழுத்துப் போட்டேன்.

உடைந்த ஊசி, வ. புதுப்பட்டியிலிருந்து பஸ்ஸில் வரும் அக்காவுடையது. மிஷினை ஓட்டுமுன் தினமும் துணிமேல் உள்ளங்கையை வைத்து, "ஏசப்பா, இது யார் வயித்துக்குள்ள போகுதோ, அவிய நல்லா எந்திரிச்சு வரணும்" என்பார்.

"மொதல்ல நம்ம வயித்தப் பாப்போம்க்கா" என்று கேலி செய்வேன்.

"ஏட்டி, ஒனக்கும் சேத்துத்தான் சொல்லுதேன்."

மத்தியானம் அவர் என் மேஜைக்கு வந்தார். கையில் புது ஊசி. "சோறு எறங்கல" என்றபடி அதைத் துண்டுகளின் பக்கத்தில் வைத்தார். இரண்டு துண்டும் சேர்ந்தும் முழு நீளம் வரவில்லை. நடுவில் கொஞ்சம் இல்லை.

காலையில் தைத்ததெல்லாம் கட்டுக்கட்டாக வாசலில் இருந்தது; நான்கு மணிக்கு வண்டி. வேலை போய்விடுமே என்றுதான் முதலில் நினைத்தேன். நோயாளியின் நினைவு அதற்குப் பிறகே வந்தது.

"மிஷினுக்கடியில விழுந்திருக்கும்க்கா."

"விழலேன்னா?"

முந்தின வாரம்தான் ஊசி உடைத்ததற்காக முதலாளி அவரைச் சத்தம் போட்டிருந்தார். "என்னைய வீட்டுக்குப் போகச் சொல்லிருவாக. சொல்லட்டும். நீ கட்டப் பிரி."

பிரித்தோம். ஒவ்வொரு துணியாக விரித்துக் காந்தத்தை ஓட்டினோம். வியர்வையில் என் கை வழுக்கியது. அக்காவின் உதடு அசைந்துகொண்டே இருந்தது, கையும் நிற்கவில்லை. பாதிக்கு மேல் போனபோது, ஒரு மடிப்பின் ஓரத்திலிருந்து ஏதோ துள்ளிக் காந்தத்தில் ஒட்டியது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா அடுத்த துணியை எடுத்தார்.

"கெடச்சிருச்சேக்கா."

"ஒண்ணு கெடச்சா மிச்சத்தப் பாக்க வேண்டாம்னு ஒம் பட்டியல்ல இருக்கா?"

அன்று வண்டி போகவில்லை. முதலாளி கத்தித் தீர்த்தார், ஆனால் இருவரையும் வேலையை விட்டு அனுப்பவில்லை.

போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன். துணிக்கட்டை என்னைத் தாண்டி உள்ளே கொண்டுபோனார்கள். எந்த ஊரில் தைத்ததோ. தைத்தவள் சோறு இறங்காமல் ஒருமுறையாவது எழுந்து வந்திருப்பாளா? யாரிடம் கேட்பது? முகம் தெரியாத அவளை நம்புவதைத் தவிர எனக்கு வழியில்லை. மூடிய கதவின்மேல் உள்ளங்கையை வைத்தேன். சொல்ல எனக்குத் தெரிந்தது அக்காவின் வார்த்தைகள்தான்.

அம்மா எழுந்து வந்துவிட்டாள்.

இன்று காலை ஓர் ஊசி உடைந்தது. இரண்டு துண்டு. பதிவேட்டில் அந்தப் பழைய பக்கத்தைத் தாண்டித்தான் இன்றைய பக்கத்துக்கு வர வேண்டும். புது ஊசியைப் பக்கத்தில் வைத்தேன். நீளம் சரியாக இருந்தது. கையெழுத்துப் போடுமுன் மறுபடியும் வைத்துப் பார்த்தேன்.